பெருக்கிப் பெற்ற மரணக் கணக்கு

மக்களவையில் வெள்ளிக்கிழமை என்றால் அது சுகாதாரத் துறைக்குரிய நாள். கேள்வி நேரத்துக்கென நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 பட்டியலிடப்படும். அவற்றில் நான்கைந்துக்கு அமைச்சர் எழுந்து பதிலளிப்பதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும். அமளி ஏற்பட்டால் அதுவும் இல்லை. எஞ்சிய கேள்விகளுக்கான விடைகள் அச்சிட்ட தாள்களாக அவையில் வைக்கப்படும். அத்தாள்களில் அநேகமாக ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு: புற்றுநோயால் நாட்டில் இறந்தவர்கள் எத்தனை பேர், எங்கள் மாநிலத்தில் எத்தனை பேர், எங்கள் பகுதியில் தேசிய சராசரியைவிட மரணங்கள் அதிகமா?

கேட்பவர் எந்தக் கட்சியினராயினும், ஆள்வோர் எவராயினும், விடையின் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. மத்திய அரசு துணை நிற்கிறது. விவரங்கள் இணைப்பில் தரப்பட்டுள்ளன. இணைப்பைப் புரட்டினால் மாநிலவாரியாக மூன்றாண்டுகளுக்கான எண்கள் வரிசையாக நிற்கும். மாவட்டக் கணக்கைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

அந்த இணைப்புகளை வைத்து நாளிதழ்கள் அனைத்தும் செய்தி எழுதியிருக்கின்றன. நானும் எழுதியிருக்கிறேன். "புற்றுநோய் மரணங்கள் ஆண்டுதோறும் அதிகரிப்பு" என்ற தலைப்பைவிட எளிதான தலைப்பு தில்லியில் கிடைக்காது. 2020-ஆம் ஆண்டில் 7,70,230 பேர். 2021-ல் 7,89,202 பேர். 2022-ல் 8,08,558 பேர். ஏறுமுகம் என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

ஆனால் அதே இணைப்பின் பக்கத்துப் பத்தியில் இருக்கும் எண்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். அந்த ஆண்டுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் முறையே 13,92,179, 14,26,447, 14,61,427 பேர் என அரசு மதிப்பிட்டுள்ளது. இறப்பு எண்ணிக்கையை இவற்றால் வகுத்துப் பாருங்கள். 2020-ல் நூற்றுக்கு 55.3. 2021-ல் நூற்றுக்கு 55.3. 2022-லும் அதுவே. இன்னும் பின்னால் சென்று 2018-ஆம் ஆண்டின் 13,25,232 நோயாளிகளையும் 7,33,139 மரணங்களையும் எடுத்துக்கொண்டாலும் அதே 55.3 தான். இடையில் கொரோனா வந்து, மாதக்கணக்கில் ரயில்கள் நின்று, மருத்துவமனைகளில் மற்ற நோயாளிகளுக்குக் கதவு அடைக்கப்பட்ட ஆண்டும் ஒன்று இருந்தது. அந்த ஆண்டிலும் விகிதம் இம்மி அசையவில்லை.

உயிருள்ள மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக இறப்பதில்லை. நோயாளிகளின் மதிப்பீட்டை நிலையான ஒரு விகிதத்தால் பெருக்கினால் மட்டுமே இப்படி வரும். நோயாளிகளின் எண்ணிக்கையும் எண்ணிப் பார்த்து வந்ததன்று. 2012 முதல் 2016 வரை நாட்டின் 28 புற்றுநோய்ப் பதிவேடுகளில் கண்ட வயதுவாரி விகிதங்களை, அந்தந்த ஆண்டுக்கு ஊகிக்கப்பட்ட மக்கள்தொகையின் மீது பொருத்திக் கணித்தது. ஆக, ஏறுமுகமாகத் தோன்றுவது மக்கள்தொகையின் பெருக்கமும் முதுமையும். நாளையே ஒரு மருந்து வந்து பாதிப் பேரைக் காப்பாற்றினாலும் இந்தக் கணக்கு அடுத்த ஆண்டு உயரத்தான் செய்யும். மருத்துவமனைகள் அனைத்தும் மூடப்பட்டாலும் அதே அளவுதான் உயரும். மதிப்பீடு செய்வதில் தவறில்லை. எண்ணிக்கை இல்லாத இடத்தில் அதைத்தான் செய்ய முடியும். மதிப்பீட்டை எண்ணிக்கை போல எடுத்துக்கொண்டு, அதோடு ஒரு மாவட்டத்தை ஒப்பிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வேறு கணக்குகளும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 14.13 லட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டதாகவும், 9.16 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. நமது அரசின் மதிப்பீட்டைவிட நோயாளிகள் குறைவு. மரணங்களோ ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம். நூற்றுக்கு 65 பேர் என்பது அவர்களது விகிதம். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை அளவுக்கு உயிர்களில் வித்தியாசம்!

மூன்றாவது கணக்கு, பதிவேடுகள் நேரடியாகப் பதிந்தது. 2015 முதல் 2019 வரையிலான ஆண்டுகளுக்கு 43 பதிவேடுகளின் விவரங்களைத் தொகுத்து 2025-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பதிவான நோயாளிகள் 7,08,223 பேர். பதிவான மரணங்கள் 2,06,457. அதாவது நூற்றுக்கு 29. அதே கட்டுரை 2024-ஆம் ஆண்டுக்கு நாடு முழுமைக்கும் செய்த மதிப்பீட்டில் 15.62 லட்சம் நோயாளிகளும் 8.74 லட்சம் மரணங்களும் வருகின்றன; விகிதம் நூற்றுக்கு 56.

ஒரு பக்கம் 29, இன்னொரு பக்கம் 55, மூன்றாவது பக்கம் 65. பதிவேடுகள் உள்ள பகுதிகளில் சிகிச்சை சற்று மேம்பட்டிருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் இடைவெளியின் பெரும்பகுதிக்கு அது விளக்கம் ஆகாது. நோய் கண்டவர் மருத்துவமனையில் பதிவாகிறார். பிறகு ஊர் திரும்புகிறார். எட்டு மாதம் கழித்து வீட்டில் இறக்கிறார். ஊராட்சியில் இறப்பு பதிவானாலும் காரணம் என்ற கட்டத்தில் "மாரடைப்பு" என்றோ "முதுமை" என்றோ எழுதப்படுகிறது. அல்லது ஒன்றுமே எழுதப்படுவதில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அவர் இன்னமும் உயிரோடு இருக்கிறார்.

ஓர் உள்ளூரின் மரண விகிதம் தேசிய விகிதத்தைவிடக் குறைவு என்று எவரேனும் பெருமையுடன் சொல்லும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அங்கே இறப்பு குறைவா, இறப்பை எழுதுவது குறைவா? சாவைச் சரியாகப் பதிவு செய்யும் மாவட்டம் அட்டவணையில் ஆபத்தான மாவட்டமாகத் தெரிகிறது. பதியாத மாவட்டம் ஆரோக்கியமானதாகத் தெரிகிறது. 2020-ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான மரணங்களில் மருத்துவர் சான்றளித்த காரணத்துடன் இருந்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. கோவாவில் ஏறத்தாழ எல்லா மரணங்களுக்கும் மருத்துவச் சான்று உண்டு. பிகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் அது மிகச் சொற்பம். இந்த இரு துருவங்களின் புற்றுநோய் மரண விகிதங்களை ஒரே அட்டவணையில் வைத்து யார் முந்தி, யார் பிந்தி என்று பார்ப்பது, ஒரு தராசில் எடைக்கல்லும் மறு தராசில் வெறுங்கையும் வைத்து நிறுப்பதற்கு ஒப்பாகும்.

மாநிலவாரி இணைப்புக்கு அடிப்படையான அந்த 28 பதிவேடுகள் எங்கெங்கே இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் 11. மகாராஷ்டிரத்தில் மும்பை, புணே, நாகபுரி, பார்சி எனப் பல. தெற்கே சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், திருவனந்தபுரம், கொல்லம். பஞ்சாபில் பாட்டியாலா. உத்தரப் பிரதேசத்தில் ஒன்றுகூட இல்லை. பிகாரில், ஜார்க்கண்டில், ஒடிஸாவில், ராஜஸ்தானில் இல்லை. ஆயினும் 2022-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் புதிய நோயாளிகள் 2,10,958 பேர் என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியமாக அவையில் வைக்கப்பட்ட தாள் கூறுகிறது. பிறகு வாராணசி போன்ற இடங்களில் பதிவேடுகள் வந்திருக்கின்றன. இன்றைக்கும் நாட்டு மக்களில் பதிவேடுகளின் எல்லைக்குள் வாழ்வோர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

இதையெல்லாம் கூறுவதால், இடத்துக்கு இடம் காணும் வேறுபாடுகள் அனைத்தும் பதிவின் மாயை என்று பொருளில்லை. சில வேறுபாடுகள் எந்தத் திருத்தத்துக்கும் அசைந்துகொடுக்காதவை. மிசோரம் மாநிலத்தின் ஐஸால் மாவட்டத்தில் ஆண்களில் லட்சத்துக்கு 269.4 பேருக்கு ஆண்டுதோறும் புற்றுநோய் வருகிறது என 2020-ல் வெளியான தேசியப் பதிவேட்டு அறிக்கை கூறியது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இன்றைய தாராசிவ்), பீட் மாவட்டங்களில் அது 39.5. ஏறக்குறைய ஏழு மடங்கு. பெண்களில் மிக அதிகம் அருணாசலப் பிரதேசத்தின் பபும்பரே மாவட்டம்: லட்சத்துக்கு 219.8. இவையனைத்தும் வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகு வந்த விகிதங்கள். மிசோரத்தில் புகையிலையின் ஆட்சி வலுவானது. புகையிலைப் புகையை நீரில் கரைத்து, 'துய்புர்' என்ற பெயரில் வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. புகையூட்டிய இறைச்சியும் அன்றாட உணவு. இரைப்பைப் புற்றுநோய் அம்மாநிலத்தில் மிகுந்து காண்பதற்கு இவை ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்கள். அங்கே பதிவேடு இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது.

இறந்தவர்களின் வீடுகளுக்கே சென்று விசாரித்த பெரிய முயற்சி ஒன்றும் நடந்திருக்கிறது. 2001 முதல் 2003 வரை நிகழ்ந்த சுமார் 1.22 லட்சம் மரணங்களுக்கு, குடும்பத்தாரிடம் நோயின் போக்கைக் கேட்டெழுதி, மருத்துவர்கள் காரணத்தை நிர்ணயித்தனர். 2012-ல் 'லான்செட்' இதழில் வெளியான அதன் முடிவுகளின்படி 2010-ஆம் ஆண்டில் நாட்டில் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 5.56 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 71 பேர் 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். குடும்பத்தைத் தாங்கும் வயதினர். வடகிழக்கில் 30 வயது ஆண் ஒருவர் 70 வயதை எட்டுமுன் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 11. பிகார், ஜார்க்கண்ட், ஒடிஸாவில் அது மூன்றுக்கும் கீழே. எழுத்தறிவற்றோரிடம் மரண விகிதம் படித்தவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல். மருத்துவமனைப் பதிவுகளை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கடைசி உண்மை வெளிவந்தே இராது. மருத்துவரையே பார்த்திராத குடும்பம் சொல்லும் 'வயிற்று வலி'யில் எத்தனை புற்றுநோய்கள் ஒளிந்திருக்கும் என்ற கேள்வி இம்முறையிலும் எஞ்சி நிற்கிறது. ஆயினும் எண்ணுவதற்காக வீட்டு வாசல்வரை சென்ற கணக்கு இது.

வயதைச் சரிசெய்வது பற்றி ஒரு சொல். கேரள மக்களில் 60 வயதைக் கடந்தோர் 2021-ல் நூற்றுக்கு 16.5 எனக் கணிக்கப்பட்டது, தமிழகத்தில் 13.6, பிகாரில் 7.7. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. மக்களை நெடுநாள் வாழவைத்த மாநிலத்தில் லட்சத்துக்கு இத்தனை பேர் என்ற வெற்று விகிதம் இயல்பாகவே உயரும். அதைப் பிடித்துக்கொண்டு கேரளத்தின் மீன்குழம்பையும் பிகாரின் சத்துமாவையும் ஒப்பிட்டுத் தொலைக்காட்சியில் வாதிடுவோர் இருக்கிறார்கள்.

தவறான ஒப்பீடு என்ன செய்யும் என்பதற்குப் பஞ்சாபைவிடத் தெளிவான பாடம் இல்லை. பதிண்டாவிலிருந்து ராஜஸ்தானின் பிகானேருக்கு இரவில் செல்லும் பயணிகள் ரயிலுக்குப் 'புற்றுநோய் ரயில்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பருத்தி விளையும் மால்வா பகுதியின் நோயாளிகள், குறைந்த செலவில் சிகிச்சை பெற அதில்தான் போனார்கள். பூச்சிமருந்தே காரணம் என்று ஒரு சாரார். நிலத்தடி நீரில் உள்ள யுரேனியம் என்று ஒரு சாரார். அழுத்தம் தாங்காமல் மாநில அரசு வீடுவீடாகக் கணக்கெடுத்து 2013-ல் முடிவை வெளியிட்டது. மாநிலம் முழுவதும் லட்சத்துக்கு 90 நோயாளிகள், மால்வாவில் 107, முக்த்சர் மாவட்டத்தில் 136. தேசிய சராசரியோ 80 என்றார்கள். ஐந்தாண்டுகளில் 33,318 பேர் இறந்ததாகவும் அக்கணக்கெடுப்பு கூறியது.

கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்கள், அன்றைய தேதியில் நோயுடன் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். பதிவேடுகள் தருவதோ ஓராண்டில் புதிதாக நோய் காண்பவர்களின் எண்ணிக்கை. குளத்தில் நிற்கும் நீரும் வாய்க்காலில் வந்து விழும் நீரும் ஒன்றல்ல. இரண்டையும் அருகருகே வைத்துப் பேசுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். அதே 2013-ல் சண்டீகர், மொஹாலி, சங்ரூர், மான்சா ஆகிய நான்கு இடங்களில் முறையான பதிவேடுகள் தொடங்கப்பட்டன. முடிவுகள் பலரை வியப்பில் ஆழ்த்தின. வயதைச் சரிசெய்த விகிதம், பருத்திக் காட்டு மாவட்டங்களான சங்ரூர், மான்சாவைவிட நகர்ப்புறமான சண்டீகரிலும் மொஹாலியிலும் அதிகம்.

இதைக் கேட்டதும் 'மால்வாவின் துயரம் கட்டுக்கதை' என்று தில்லியில் சிலர் கைகழுவினர். அதுவும் அவசரத் தீர்ப்பே. சண்டீகரில் பெண்களுக்கு முதலிடத்தில் வருவது மார்பகப் புற்றுநோய். விரைவில் கண்டறிந்தால் பெருமளவு குணமாவது. சங்ரூரிலும் மான்சாவிலும் கருப்பைவாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் முன்னிற்கின்றன. உணவுக்குழாயில் வந்தால் பிழைப்பது அரிது. நோய் குறைவாக இருந்தும் சாவு நெருக்கமாக இருக்கக்கூடும். மருத்துவமனை தொலைவில் இருக்கும்போது, வரும் நோய் எத்தனை என்பதைவிட வந்தவர்களில் மீண்டவர் எத்தனை என்பதே அந்தக் குடும்பங்களின் கேள்வி. அந்த ரயிலில் போனவர்களுக்கு விகிதங்கள் தெரியாது. மருத்துவமனை அருகில் இல்லை என்பது தெரியும். சங்ரூரிலும் பின்னர் 2022-ல் முல்லன்பூரிலும் டாடா நினைவு மையத்தின் மருத்துவமனைகள் வந்ததற்கு அந்த ரயிலின் பெயர் ஈட்டிய கவனமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

தில்லியிலேயே இன்னொரு காட்சியை நாள்தோறும் காணலாம். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வெளியே, நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும், எக்ஸ்ரே உறைகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்போரில் பெரும்பாலோர் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நமது சட்டப்படி மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் அது பதிவாக வேண்டும். பெகுசராயிலிருந்து வந்தவர் இங்கே இறந்தால் தில்லியின் ஏடு கனக்கிறது. பெகுசராயின் ஏடு சுத்தமாக இருக்கிறது. படிவத்தில் சொந்த முகவரிக்கு ஓர் இடம் இருப்பது உண்மையே. அந்த முகவரிக்கு அந்தத் தகவல் திரும்பிப் போவது அரிது. மும்பைக்கும் வேலூருக்கும் இதே கதை பொருந்தும்.

செய்யவே முடியாத வேலையா இது? இல்லை என்பதற்குச் சென்னை சான்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் அமைந்த மூன்று மக்கள்தொகைப் பதிவேடுகள் மும்பை, பெங்களூரு, சென்னை. சென்னைப் பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தி வருகிறது. அதன் பணியாளர்கள், புற்றுநோய் என்று எழுதப்பட்ட இறப்புச் சான்றிதழ்களோடு நிற்கவில்லை. மாநகராட்சியில் பதிவான எல்லா மரணங்களையும் எடுத்து, தம்மிடமுள்ள நோயாளிகளின் பெயர், வயது, முகவரியோடு பொருத்திப் பார்த்தார்கள். சான்றிதழில் வேறு காரணம் எழுதப்பட்டிருந்த நோயாளிகள் பலர் அப்படித்தான் கண்டறியப்பட்டனர். கணினி பரவாத காலத்தில் தொடங்கிய வேலை. 2012-க்குப் பிறகு மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டமும் அங்கிருந்தே வந்தது. சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் அவ்விடத்துக்கு வந்த மாற்றத்தை இன்று உறுதியாகப் பேச முடிகிறது என்றால், நாற்பதாண்டுத் தொடர்ச்சியான ஏடு கையில் இருப்பதே காரணம். நாட்டின் எத்தனை மாவட்டங்களுக்கு இப்படி ஒரு போக்கைச் சொல்ல முடியும்?

சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022-ல் அளித்த அறிக்கையில், புற்றுநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கர்நாடகம், மேற்கு வங்கம், பஞ்சாப், திரிபுரா உள்ளிட்ட பல மாநிலங்கள் தாமாகவே அவ்வாறு செய்துள்ளன. இது தொற்றுநோய் அல்லவே என்பது மறுப்போர் வாதம். கட்டாய அறிவிப்பு நோயாளிகளை எண்ண உதவும். இறந்தவர்களை எண்ண உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான கருவியை நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் வேறொரு சட்டத்தின் வழியாக இயற்றிவிட்டது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் அந்தத் திருத்தம் தனியார், அரசு என்ற பாகுபாடின்றி எல்லா மருத்துவ நிறுவனங்களும் மரணத்தின் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும் என்கிறது. தேசிய அளவில் ஒரே தரவுத் தளத்துக்கும் அது வழி செய்கிறது. அன்றைய விவாதத்தில் ஆதாரும் தனியுரிமையும் பேசப்பட்ட அளவுக்கு இந்தப் பிரிவு பேசப்படவில்லை. செய்தியாளர் மாடத்திலும் அதைப் பெரிதாகக் குறித்துக்கொண்டவர்கள் குறைவு.

2025-26 நிதிநிலை அறிக்கையில், மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமையும் என்றும், அவ்வாண்டிலேயே 200 மையங்கள் வரும் என்றும் அறிவிக்கப்பட்டது. எந்த மாவட்டங்கள் முதலில்? மரணத்தை ஒழுங்காக எழுதிய மாவட்டம் தன் தேவையைக் காட்ட முடியும். எழுதாத மாவட்டத்தின் கையில் வெற்றுத்தாள்தான் இருக்கும். அங்கேதான் நோயாளி இரண்டு ரயில் மாறி எய்ம்ஸ் வாசலுக்கு வந்து படுத்திருக்கிறார்.

உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலும் அதே கேள்வியை அனுப்புவார்கள், இணைப்பும் வரும், விகிதம் 55.3 ஆகவே இருந்தாலும் வியப்பதற்கில்லை. அவர்களில் ஒருவர் தேசிய சராசரியை ஒருமுறை விட்டுவிட்டு, தம் மாவட்டத்தில் சென்ற ஆண்டு பதிவான மரணங்கள் எத்தனை, அவற்றில் காரணத்தை எழுதி மருத்துவர் ஒப்பமிட்டவை எத்தனை, ஏதும் எழுதாமல் விடப்பட்டவை எத்தனை என்று மட்டும் கேட்கலாம். இதற்குப் பெருக்கல் தேவையில்லை. மாவட்டப் பதிவாளரின் மேசையில் ஏடு இருக்கிறது.